அணைக்க முடியாத விளக்கு: ஜொகூரின் இரவொளியும் தூக்கமும்

ஜொகூர் பாருவில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கும் நகரம் என்பதால், சூரியன் காலை 7 மணியை ஒட்டி உதித்து மாலை 7 மணியை ஒட்டி மறைகிறது. எந்த மாதமானாலும் இந்த நேரங்கள் அரை மணிக்கு மேல் நகர்வதில்லை. கணக்குப்படி நாள்தோறும் பன்னிரண்டு மணி நேர இரவு உண்டு; இருட்டுத்தான் இல்லை. தெற்கே ஒரு கிலோமீட்டர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர். கிழக்கே பாசிர் கூடாங் துறைமுகமும் ஆலைகளும், அவற்றுக்கும் அப்பால் பெங்கேராங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகம். மேற்கே இரவு பகல் பாராமல் சரக்கு ஏற்றி இறக்கும் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகம். இவற்றுக்கு நடுவே நெடுஞ்சாலைகள், விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடைகள், எண்ணெய் நிலையங்கள், வண்ணம் மாறிக்கொண்டே இருக்கும் எல்.இ.டி. விளம்பரத் திரைகள்.

2016 ஜூனில் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளிவந்த செயற்கை இரவொளியின் உலக வரைபடம் சிங்கப்பூரை உலகிலேயே ஒளி மாசு மிகுந்த நாடு என்று பதிவு செய்தது. அங்குள்ள மக்கள் அனைவருமே, கண் முழுமையாக இருட்டுக்குப் பழக முடியாத அளவுக்கு வெளிறிய வானத்தின் கீழ் வாழ்கிறார்கள் என்பது அதன் கணக்கு. வானத்தில் பரவும் வெளிச்சத்துக்குக் குடிநுழைவுச் சோதனை கிடையாது. ஜொகூர் பாருவின் தென்பகுதிக்கும் ஏறக்குறைய அதே வானம்தான். வெப்பமண்டல மேகமும் இதற்குத் துணை போகிறது. பெர்லினில் எடுத்து 2011-இல் வெளியான அளவீடு ஒன்றில், மேகம் மூடிய இரவில் நகர வானம் தெளிந்த இரவைவிடப் பத்து மடங்கு ஒளிர்ந்தது. விளக்கில்லாத காட்டுப்பகுதியில் மேகம் இரவை இன்னும் இருட்டாக்கும். நகரத்திலோ அது கீழிருந்து வரும் ஒளியைத் திருப்பிக் கீழேயே அனுப்புகிறது. ஆண்டின் பெரும்பகுதி மேகம் சூழ்ந்த ஜொகூரில் இது விதிவிலக்கல்ல, வழக்கம்.

ஆனால் தூக்கத்தைப் பற்றிப் பேசும்போது வானத்தை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. வானொளிர்வு நட்சத்திரங்களை மறைக்கிறது. படுக்கையறைக்குள் நுழைந்து தூக்கத்தைத் தொடுவது பெரும்பாலும் பக்கத்து விளக்கின் நேரடி ஒளி. முழுநிலவின் வெளிச்சம், லக்ஸ் என்ற ஒளியளவு அலகில், அதிகபட்சம் 0.3. தெருவிளக்குக் கம்பத்தின் அடியில் 10 முதல் 20 லக்ஸ் வரை இருக்கும். ஒரு தாமானின் இரட்டை மாடி வரிசை வீட்டில், முன்பக்க மாடி அறைக்கும் வாசல் கம்பத்துக்கும் இடையில் சில மீட்டர்கள்தான். பழைய வீடுகளில் ஜன்னல் என்பது சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைகளின் வரிசை. காற்றுக்காக அதைத் திறந்து வைத்தால், ஒவ்வொரு பட்டைக்கும் இடையிலிருந்து ஒரு கோடு வெளிச்சம் சுவரில் விழுந்து ஏணி போல் நிற்கும். தடித்த திரை போட்டால் ஒளி நிற்கும், அதோடு காற்றும் நிற்கும். குளிர்சாதனம் உள்ளவர் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். அது இல்லாதவருக்கு வெப்பம், வெளிச்சம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே வழி. மலிவு விலை அடுக்குமாடிகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பல வீடுகளின் ஓர் அறை நடைபாதையைப் பார்த்தபடி இருக்கிறது. நடைபாதை விளக்கு விடியும் வரை எரியும், அதன் சுவிட்சு வீட்டுக்காரர் கையில் இல்லை.

இந்த ஒளி உடலில் என்ன செய்கிறது என்பது கடந்த அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் படிப்படியாகத் தெரியவந்தது. 1958-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் மாட்டின் பீனியல் சுரப்பியிலிருந்து மெலடோனினைப் பிரித்தெடுத்தார். இருள் வந்துவிட்டது என்று உடல் முழுவதற்கும் அறிவிக்கும் சுரப்பு இது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு இது ஏறத் தொடங்கும். பிரகாசமான ஒளி மனிதர்களில் இதை அடக்கிவிடும் என்பது 1980-இல் உறுதியானது. ஒளி எந்த வழியாக அந்தச் செய்தியைக் கொண்டுபோகிறது என்பதற்கு 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விழித்திரையில் பார்வைக்கான செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட தனிவகை நரம்புச் செல்களும் இருப்பது அப்போது நிறுவப்பட்டது. இவற்றின் முக்கிய வேலை உருவத்தைக் காட்டுவதல்ல. வெளியே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வது. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு இவை மிகக் கூர்மையாகத் துலங்குகின்றன.

நீல ஒளி என்றதும் விளக்கின் நிறம் முக்கியமாகிறது. பழைய சோடியம் தெருவிளக்கின் மஞ்சள் ஒளி, ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் கணக்கில் 2000-ஐ ஒட்டியது, அதில் நீலம் மிகக் குறைவு. அதற்குப் பதிலாக வந்த வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் பல 4000 கெல்வினும் அதற்கு மேலும். மின்சாரம் மிச்சமாகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே அளவு வெளிச்சத்தில் உடல் கடிகாரத்துக்குப் போகும் சமிக்ஞை பல மடங்காகிவிடுகிறது. வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்கு, பழைய விளக்கைவிட ஐந்து மடங்கு கூடுதலாகத் தூக்கச் சுழற்சியைப் பாதிக்கும் என்று மதிப்பிட்ட அமெரிக்க மருத்துவச் சங்கம், 3000 கெல்வினுக்கு மேற்பட்ட தெருவிளக்கு வேண்டாம் என்று 2016-இல் பரிந்துரைத்தது. வீட்டு மின்கட்டணத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வாட் தெரிகிறது, கெல்வின் தெரிவதில்லை. மாற்றம் நடந்தபோது இதைக் கேட்டவர்கள் குறைவு.

எவ்வளவு ஒளி கெடுதல் என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் 55 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், சராசரியாக 25 லக்ஸுக்கும் குறைவான மாலை வெளிச்சமே மெலடோனினைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாடு ஐம்பது மடங்குக்கும் மேல். ஒருவருக்கு 6 லக்ஸ் போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு 350 லக்ஸ் தேவைப்பட்டது. ஒரே வீட்டில் தெருவிளக்கைப் பற்றி மனைவி குறைப்பட்டுக்கொள்வதும், கணவர் 'எனக்கொன்றும் தெரியவில்லையே' என்பதும் இருவருக்குமே உண்மையாக இருக்கலாம். உறக்க ஆய்வாளர்கள் 2022-இல் ஒப்புக்கொண்ட பொது வரம்பு இது: படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் கண்ணை அடையும் ஒளி 10 லக்ஸுக்குள், தூங்கும் அறையில் 1 லக்ஸுக்குள். இவை மெலனாப்சினின் உணர்திறனுக்கேற்பச் சீராக்கிய லக்ஸ் கணக்கு. அதே ஆண்டு அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், 100 லக்ஸ் வெளிச்சத்தில் ஒரே ஓர் இரவு தூங்கியவர்களுக்கு இரவில் இதயத் துடிப்பு கூடியது. மறுநாள் காலை இன்சுலினுக்கு உடல் துலங்குவதும் மந்தமாகியிருந்தது. நீரிழிவு பரவலாக உள்ள மலேசிய இந்தியர்கள் இந்த முடிவைக் கவனித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் 20 பேர்தான் என்பதும், 100 லக்ஸ் என்பது தெருவிளக்கு ஜன்னல் வழியே தருவதைவிட மிக அதிகம் என்பதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டியவை.

வெளி விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பெருந்திரளான மக்களிடம் நடந்த ஆய்வுகளும் உண்டு. அமெரிக்க வளரிளம் பருவத்தினர் 10,000-க்கும் மேற்பட்டோரின் தரவை வைத்து 2020-இல் வெளிவந்த ஆய்வில், வெளி ஒளி மிக அதிகமான வட்டாரங்களில் வாழ்ந்தவர்கள், மிகக் குறைவான வட்டாரத்தாரைவிடப் பள்ளி நாள் இரவுகளில் 29 நிமிடம் தாமதமாகப் படுத்தார்கள். தூக்கம் 11 நிமிடம் குறைந்தது. தென்கொரியாவில் அறுபது வயது கடந்த 52,000 பேரின் காப்பீட்டுத் தரவு, வெளி ஒளி மிகுந்த இடங்களில் தூக்க மாத்திரைப் பயன்பாடு கூடுதலாக இருப்பதைக் காட்டியது.

இந்த ஆய்வுகளில் பொதுவான பலவீனம் ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோள் மேலிருந்து அளப்பது கூரைக்கு மேலே போகும் ஒளியை. தூங்குபவர் கண்ணில் விழுவது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. வெளிச்சமான வட்டாரம் என்றால் சத்தமும் வெப்பமும் இரவு வேலையும் கூடவே இருக்கும். மூடிய இமையும் ஒரு திரைதான். அதைத் தாண்டி உள்ளே போகும் சிறு பங்கில் பெரும்பாலானது சிவப்பு ஒளி, நீலம் மிகச் சொற்பம். ஆகவே நன்றாக உறங்கிவிட்டவருக்கு ஜன்னல் வெளிச்சம் செய்யும் தீங்கு சிறியதாக இருக்கலாம். படுக்கப் போகும் முன்பும், இடையில் விழித்துப் புரளும்போதும் அது செய்வதுதான் பெரிது. அந்த நேரத்தில் கையிலிருக்கும் கைப்பேசியும் கூடத்தில் எரியும் வெள்ளைக் குழல்விளக்கும் பல வீடுகளில் தெருவிளக்கைவிடக் கண்ணுக்கு அதிக ஒளி தருகின்றன. அப்படியிருந்தும் வெளி விளக்கைத் தனியாக வைத்துப் பேச ஒரு காரணம் இருக்கிறது. கைப்பேசியை வைத்துவிடலாம், குழல்விளக்கை அணைத்துவிடலாம். கம்பத்தின் விளக்கை வீட்டிலிருப்பவர் அணைக்க முடியாது.

மின்னொளி வருவதற்கு முன்பு மனிதர்கள் பொழுது சாய்ந்ததும் தூங்கிவிட்டார்கள் என்று நினைப்பதும் தவறு. தான்சானியாவின் ஹாட்சா மக்கள் உட்பட மூன்று பழங்குடிச் சமூகங்களை ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, அவர்கள் சூரியன் மறைந்து சராசரியாக மூன்று மணி நேரத்துக்கும் மேல் விழித்திருந்தார்கள். ஒளியைவிட இரவின் வெப்பநிலை இறங்குவதோடு அவர்கள் தூக்கம் நெருக்கமாக ஒத்துப்போனது. அதே ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்வு ஜொகூர்த் தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. பிரேசிலின் அமேசான் காட்டில், சிக்கோ மென்டிஸ் காப்பகத்தில் வாழும் ரப்பர் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள்: வீட்டில் மின்விளக்கு உள்ளவர்கள், இல்லாதவர்கள். இடம் வெப்பமண்டலத்தில். வேலை ஒன்றே, அதுவும் அதிகாலையில் தொடங்குவது. மின்விளக்கு உள்ளவர்களுக்கு மெலடோனின் தாமதமாகச் சுரக்கத் தொடங்கியது. வேலை நாள்களில் அவர்கள் தூக்கமும் குறைந்தது. மின்சாரம் வந்த வீட்டில் படுக்கும் நேரம் பின்னுக்குப் போனது; பால்மரம் வெட்டப் போகும் நேரம் போகவில்லை.

ரப்பர் மரத்துக்கு அதிகாலைதான் உகந்த நேரம். குளிர்ந்த வேளையில் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்து, கோடு போட்டதும் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஜொகூரின் தோட்டங்களில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு விடியுமுன் நடந்ததற்கும் மரம் வெட்டுவோர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனதற்கும் இதுவே காரணம். லயத்து வாழ்க்கைக்கு எத்தனையோ கொடுமைகள் இருந்தன, அதை யாரும் பொற்காலம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் தோட்டத்து ஜெனரேட்டர் முன்னிரவிலேயே நின்றுவிட்ட காலத்தில், விடியுமுன் எழ வேண்டியவருக்கு முன்னிரவு இருட்டாகவே இருந்தது.

அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று ஸ்கூடாய், மாசாய், உலு திராம் தாமான்களில் வாழ்கிறார்கள். நாற்பது ஆண்டு இடைவெளியில் அதிகாலை எழுவது மட்டும் மாறவில்லை. 1924-இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தை இன்று நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள். சிங்கப்பூரில் எட்டு மணி வேலைக்கு நிற்க வேண்டியவர் நெரிசலுக்கு அஞ்சி நாலு, நாலரைக்கே எழுந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிடுகிறார்.

அந்த நாலரை மணி எப்படிப்பட்ட நாலரை மணி என்பதுதான் ஜொகூரின் தனிச்சிக்கல். ஜொகூர் பாரு நிற்கும் தீர்க்கரேகைக்கு இயல்பான நேரம் கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் முன்னே. கடிகாரம் காட்டுவதோ 8 மணி நேரம் முன்னே. முன்பு ஏழரை மணி நேரமாக இருந்ததை, சபா, சரவாக்குடன் ஒரே நேரமாக்குவதற்காக 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பம் அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் உடன் மாற்றிக்கொண்டது. இதனால் நண்பகல் சூரியன் உச்சிக்கு வருவது ஒரு மணியை ஒட்டி. அதிகாலை 4.30-க்கு அலாரம் அடிக்கும்போது சூரியக் கணக்கில் மணி 3.25. உடலில் மெலடோனின் இன்னும் உயர்ந்தே இருக்கும் வேளை. போதுமான தூக்கம் வேண்டுமென்றால் இவர் இரவு ஒன்பதரைக்காவது கண்ணயர வேண்டும். ஆனால் சூரியன் மறைந்து சுமார் இரண்டரை மணி நேரமே ஆன அந்த வேளையில் தெரு முழு வெளிச்சத்தில் இருக்கும். பூப்பந்து, ஃபுட்சால் திடல்களின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். விளம்பரத் திரை உச்ச பிரகாசத்தில் ஓடும். கடிகாரத்தைச் சூரியனுக்கு முன்னே ஓட்டுவதன் விலையை அமெரிக்க நேர மண்டல எல்லைகளில் பார்த்திருக்கிறார்கள். மாலை வெளிச்சம் ஒரு மணி நேரம் நீளும் பக்கத்தில் வாழ்பவர்கள் சராசரியாக 19 நிமிடம் குறைவாகத் தூங்குகிறார்கள் என்று 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. காலை எழும் நேரம் வேலைக்காகக் கட்டப்பட்டிருப்பதால், மாலையில் இழந்ததைக் காலையில் ஈடுகட்ட வழியில்லை. தெருவிளக்கு படுக்கும் நேரத்தைச் சில நிமிடம் தள்ளினாலும், ஜொகூர் பாலத்தைக் கடப்பவருக்கு அது நேராகத் தூக்கத்திலிருந்து கழிகிறது. அரைத்தூக்கத்தில் அவர் ஓட்டுவது மோட்டார் சைக்கிள் என்பதையும் மறக்கலாகாது.

இரவொளியால் பாதிக்கப்படுவது மனிதர் மட்டுமல்ல. கோத்தா திங்கி அருகே ஜொகூர் ஆற்றின் பெரெம்பாங் மரங்களில் கூடி மின்னும் மின்மினிகளுக்கு, இணையைக் கண்டுபிடிக்கும் மொழியே அந்த மின்னல். கரையில் வெளிச்சம் கூடினால் அது எடுபடாது. சுற்றுலாப் படகில் போகிறவர்களிடம் கைவிளக்கை அணைக்கச் சொல்லும் அக்கறை ஆற்றங்கரையில் இருக்கிறது. தாமானுக்குள் இன்னும் வரவில்லை.

சட்டத்திலும் அப்படியே. மலேசியாவின் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் காற்று, ஒலி, மண், நீர் ஆகியவற்றின் மாசுக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. வெளிச்சத்துக்குத் தனிப்பிரிவு இல்லை. சாலை விளக்குக்கான மலேசியத் தர விதியும் முதலில் பார்ப்பது சாலைக்குப் போதிய வெளிச்சம் கிடைக்கிறதா என்பதையே. மற்ற நாடுகள் இதில் முன்னே போய்விட்டன. தென்கொரியா 2012-இலேயே ஒளி மாசுக்கெனச் சட்டம் இயற்றியது. பிரான்ஸில் 2013 முதல் கடைக் கண்ணாடி விளக்குகள் நள்ளிரவு ஒரு மணிக்குள் அணைய வேண்டும். சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் வழிகாட்டியில் வீட்டு ஜன்னலில் விழக்கூடிய பின்னிரவு ஒளிக்கே வரம்பு இருக்கிறது: புறநகர்க் குடியிருப்புக்கு 2 லக்ஸ், பரபரப்பான நகர மையத்துக்கு 5 லக்ஸ். விளம்பரப் பலகைக்கு உரிமம் கொடுப்பது ஊராட்சி மன்றம். உரிம நிபந்தனையில் இந்த எண்களைச் சேர்க்க நாடாளுமன்றம் வரை போகத் தேவையில்லை.

விளக்கைக் குறைத்தால் திருட்டு கூடும் என்பது வழக்கமாக எழும் மறுப்பு. இதைத் தள்ளிவிட முடியாது. நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் 2016-இல் நடந்த சோதனையில், விளக்கு கூட்டிய இடங்களில் இரவுநேர வெளிக் குற்றங்கள் கணிசமாகக் குறைந்தன. மறுபக்கம், இங்கிலாந்து, வேல்ஸில் 62 உள்ளாட்சிப் பகுதிகளின் பதினான்கு ஆண்டுத் தரவை ஆராய்ந்தபோது, பின்னிரவில் விளக்கை அணைத்ததாலோ மங்கலாக்கியதாலோ குற்றமோ விபத்தோ கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. இருட்டு மூலையில் புதிதாக விளக்கு வைப்பது ஒன்று, ஏற்கெனவே வெளிச்சமான தெருவை மேலும் வெளுக்க வைப்பது வேறொன்று. தெருவிளக்கின் மீதே பழியைப் போடுவதும் பொருந்தாது. அமெரிக்காவின் டூசான் நகரம் தன் தெருவிளக்குகளை வேண்டுமென்றே மங்கலாக்கிச் செயற்கைக்கோள் வழி அளந்தபோது, மேலே தெரிந்த ஒளியில் அவற்றின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் விளம்பரம், கட்டட முகப்பு, வாகன நிறுத்துமிடம், விளையாட்டுத் திடல் போன்றவற்றின் விளக்குகள்.

ஐரோப்பிய நகரங்களின் நேர அட்டவணையை அப்படியே ஜொகூருக்குக் கொண்டுவந்தாலும் பலனில்லை. அங்கே நள்ளிரவு முதல் விடியும் வரை மங்கலாக்குகிறார்கள். இங்கே நாலு மணிக்கே சாலை நிரம்பிவிடுகிறது, மோட்டார் சைக்கிளோட்டிக்கு அப்போது நல்ல வெளிச்சம் வேண்டும். பாலத்துக்குப் போகும் பெருஞ்சாலைகளில் நாலு மணிக்கு முழு ஒளி, தாமான் உட்தெருக்களில் இரவு பத்துக்குப் பிறகு மங்கல் என்று பிரிப்பது பொருத்தமாக இருக்கும். கம்பத்து விளக்குக்கு வீட்டுப் பக்கம் ஒரு மறைப்புத் தகடு, புதிய விளக்கு வாங்கும்போது 3000 கெல்வினுக்கு உட்பட்டது, விளம்பரத் திரைக்கு இரவு பத்து மணி வரம்பு: இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

குடியிருப்பாளர் சங்கங்கள் மன்றத்துக்கு மனுக் கொடுக்கும்போது 'வெளிச்சம் அதிகம்' என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் தூங்கிவிடும். எந்தக் கம்பம், அதன் எண் என்ன, எந்த வீட்டு மாடி ஜன்னலில் இரவு எத்தனை மணிக்கு எத்தனை லக்ஸ் என்று அளந்து எழுத வேண்டும். லக்ஸ் மானி மின்பொருள் கடைகளிலும் இணையத்திலும் மலிவாகவே கிடைக்கிறது. எண்ணோடு போகும் புகாருக்கு மன்றம் பதில் சொல்லியாக வேண்டும்.